எண்ணெயில் வந்த இருள்

கண்ணுக்கு நேரும் காயங்களில் பலவற்றை நாம் நேரிலே அறிவோம். கதிரடிக்கும் களத்தில் நெற்சுணை தெறித்து விழுவதும், வேலி கட்டுகையில் முள் பாய்வதும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கையில் ஒரு துளி கண்ணில் வீழ்வதும், தீபாவளி நாளில் வாணம் முகத்தருகே வெடிப்பதும் நம் ஊர்களில் புதிய செய்திகள் அல்ல. இவற்றுக்கெல்லாம் ஒரு பொது இயல்பு உண்டு. பட்ட கணமே கண் சிவக்கிறது; நீர் வடிகிறது; வலி பொறுக்க முடியாததாகிறது. என்ன நேர்ந்தது என்று பட்டவரும் அறிவார், பார்த்தவரும் அறிவார். மருத்துவமனைக்குப் போகத் தாமதம் ஆகலாமேயன்றி, காயம் ஒன்று உண்டா என்னும் ஐயம் எழுவதில்லை.

இன்னொரு வகைக் காயமும் உண்டு. அது வெளியிலிருந்து வந்து கண்ணில் படுவதில்லை. வாய் வழியே உட்புகுந்து, உடலெங்கும் சுற்றி, ஒருநாள் கண்ணை வந்தடைகிறது. கண் சிவப்பதில்லை, பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. மாலையில் விளக்கேற்றினால் சுடரைச் சுற்றி வானவில் போல ஒரு நிற வளையம் தெரிகிறது. சில வாரங்களில், பக்கவாட்டில் வருபவர்கள் கண்ணில் படுவதில்லை. அதற்குள் பார்வையில் ஒரு பகுதி திரும்பி வாராத வண்ணம் போய்விடுகிறது. வங்காள நாட்டில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தாக்கிய நோயொன்று, அக்குடும்பங்களில் சிலருடைய கண்களுக்கு இவ்வாறே செய்தது. உலகின் பிற நாட்டுக் கண் மருத்துவர்களில் பலர் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் கண்டிராத அரிய கண்நோய் அது. அதன் காரணத்தைக் காண அறுபது ஆண்டுகள் சென்றன. அந்த வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறோம்.

1877ஆம் ஆண்டில் கல்கத்தா நகரில் புதிய வீக்கநோய் ஒன்று தோன்றியது. முதலில் வயிற்றுப்போக்கு, பின்னர் இரு கால்களிலும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழும்; குழி உடனே நிரம்பாது. வீங்கிய தோல் சிவந்து, தொட்டால் நோகும். நாளடைவில் மூச்சுத் திணறலும் நெஞ்சுப் படபடப்பும் சேரும். சிலருக்கு இதயம் தளர்ந்து உயிர் பிரியும். இதில் வியப்பு என்னவெனில், இந்நோய் ஒருவரை மட்டும் தாக்கி நின்றுவிடவில்லை. ஒரு வீட்டில் நுழைந்தால் அவ்வீட்டில் உண்போர் பலரையும் ஒருங்கே வீழ்த்தியது. ஊரோடு வந்து தாக்கியமையால் ஆங்கில மருத்துவர்கள் இதற்கு ‘எபிடெமிக் டிராப்ஸி’ என்று பெயரிட்டனர். நம் வைத்திய நூல்கள் வழங்கும் சோபை என்னும் சொல்லைக் கொண்டு, கொள்ளைச் சோபை என்று நாம் அழைக்கலாம்.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1878-79இல், கல்கத்தாவிலிருந்து தோட்டத் தொழிலாளர் கப்பலேறிச் சென்ற மொரீஷியஸ் தீவிலும் இதே நோய் காணப்பட்டது. கடல் கடந்து செல்லும் நோய் தொற்றுநோயாகத்தான் இருக்கும் என்று கருதியவர் பலர். அம்மை போல மனிதரோடு மனிதராகப் பயணம் செய்தது என்றே எண்ணினர். மனிதரோடு அவர்தம் உணவும் பயணம் செய்கிறது என்பதை எண்ணிப் பார்த்தவர் அன்று மிகச் சிலரே.

நோய் சில ஆண்டுகள் தணிந்திருக்கும், மறுபடியும் கிளம்பும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அது கல்கத்தாவில் மீண்டும் எழுந்தபோதுதான் கண்ணைப் பற்றிய செய்தி முதன்முதலில் எழுத்தில் வருகிறது. கல்கத்தாவில் கண் மருத்துவம் செய்துவந்த மேனார்ட் என்பவர், வீக்கநோய் கண்டவர்களில் சிலருடைய கண்ணழுத்தம் மிகுந்திருப்பதைக் கவனித்து 1909இல் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். பூர்வாங்கக் குறிப்பு என்றே அதற்கு அவர் தலைப்பிட்டிருந்தார். பெரிய கொள்கை எதனையும் அவர் அதில் நிலைநாட்ட முயலவில்லை. கண்டதைக் கண்டவாறு பதிவு செய்தார். வைத்திய வரலாற்றில் இத்தகைய சிறு குறிப்புகள் பல வேளைகளில் தடித்த நூல்களைவிட நெடுநாள் பயன்பட்டிருக்கின்றன என்பது நம் கருத்து.

கண்ணழுத்தம் என்றால் என்னவென்பதை இவ்விடத்தில் சற்று விளக்கிச் செல்வோம். கண் நீர் நிறைந்த ஓர் உருண்டை. அதன் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது சுரந்துகொண்டும், கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வழியில் இடைவிடாது வடிந்துகொண்டும் இருக்கிறது. சுரப்பதும் வடிவதும் ஒத்திருக்கும் வரையில் அழுத்தம் ஓர் அளவில் நிற்கும். பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை. வடிகால் அடைத்தாலோ, வரத்து மிகுந்தாலோ அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்புறத்துப் பார்வை நரம்பை நசுக்கும். அந்நரம்பின் இழைகள் ஒருமுறை மாண்டால் மீண்டும் முளைப்பதில்லை. கிளாகோமா என்று மருத்துவர் கூறுவது இதனையே. புரையெனில் எடுத்துவிடலாம், பார்வை திரும்பும். கிளாகோமாவில் போன பார்வை போனதுதான். எஞ்சியதைக் காப்பதே மருத்துவரால் இயலும்.

மேனார்ட் காலத்தில் அழுத்தத்தை அளப்பதே எளிதாக இருக்கவில்லை. மூடிய இமையின்மேல் இரு விரல்களை வைத்து மெல்ல அழுத்தி, கண் மெத்தென்று இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று அறிவதே பழைய வழக்கம். நார்வே நாட்டு ஷியோட்ஸ் என்பவர் அமைத்த கண்ணழுத்தமானி 1905இல் வெளிவந்து, அப்போதுதான் மருத்துவமனைகளில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. சிகிச்சையிலும் அவ்வாறே. 1909ஆம் ஆண்டிலேதான் சென்னை அரசினர் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், விழியின் வெண்படலத்தில் வட்டமாகச் சிறு துளையிட்டுக் கண்ணீரை வடியவிடும் தம் அறுவை முறையைத் தொடங்கினார். 1819இல் நிறுவப்பெற்ற அம்மருத்துவமனைக்கு அம்முறை உலகப் புகழ் தேடித் தந்தது. கல்கத்தாவில் நோயைக் கண்டு குறித்ததும், சென்னையில் அவ்வகை நோய்க்கு ஒரு வழி பிறந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் குறிப்பிடத் தக்கது.

சாதாரண கிளாகோமா பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தவர்களை மெல்லப் பற்றுவது. பார்வையைப் பறிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதன் மற்றொரு வகை திடீரென்று வரும். கண் சிவந்து, தலை பிளப்பது போல வலிக்கும். வீக்கநோயோடு வந்த இக்கிளாகோமாவோ இவ்விரண்டிலும் சேரவில்லை. இளைஞரையும் பற்றியது, இரு கண்களையும் ஒருங்கே பற்றியது. அழுத்தம் விரைந்து ஏறியது. கண்ணோ வெளிப்பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. கால் வீக்கம் மிகக் குறைவாயிருந்தவர்களிடமும் இது காணப்பட்டது. வீக்கம் வற்றி, உடல் தேறிவிட்டதென்று குடும்பத்தார் மகிழ்ந்திருந்த வேளையில் கண் மங்கத் தொடங்கியதும் உண்டு. நோயாளி தம் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை எவரும் கேட்கவில்லை.

இனி, காரணத்தைத் தேடியவர்களின் கதைக்கு வருவோம். மருத்துவர்களின் ஐயம் முதலில் சென்றது அரிசியின்மேல். இதனை இன்று நாம் எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. 1890களில் டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் ஐக்மான் என்ற மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு நரம்பு தளர்ந்து நடை குலைவதைக் கண்டிருந்தார். அதிலிருந்தே பெரிபெரி என்னும் நோயின் மூலம் விளங்கலாயிற்று. பெரிபெரியிலும் கால் வீங்கும், மூச்சு திணறும், இதயம் தளரும். வங்காளிகள் அரிசி உண்போர். ஆதலால் கல்கத்தா வீக்கநோயும் பெரிபெரியின் இனமே என்று பலர் முடிவு கட்டினர். மெகா என்பவரும் அவருக்குப் பின் ஆக்டன், சோப்ரா முதலியோரும், ஈரப்பதத்தில் அடுக்கி வைத்த அரிசி கெட்டு நஞ்சாகிறது என்னும் கொள்கையைக் கட்டினார்கள். புழுங்கல் நாற்றம் வீசும் கிடங்கு அரிசியைக் கண்டவர் எவருக்கும் அக்கொள்கை பொருத்தமாகவே தோன்றும்.

பின்னாளில் வேதியியலார் கூறிய செய்தி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பெரிபெரியிலும் இவ்வீக்கநோயிலும் உடலில் பைருவிக் அமிலம் என்னும் ஒரே பொருள் எரியாமல் தேங்குகிறது என்பார்கள். முன்னதில் தையமின் என்னும் வைட்டமின் குறைவு அதற்குக் காரணம்; பின்னதில் ஒரு நஞ்சு. இரண்டு வழிகளில் வந்து ஒரே வாயிலில் நிற்கும் இரு நோய்களை ஒன்றென மயங்கியதில் அக்கால மருத்துவர்களைப் பெரிதும் குறைகூற நமக்கு மனமில்லை.

குறைகூற வேண்டியது வேறொன்றை. கொள்கைக்குப் பொருந்தாத செய்திகள் தொடக்கத்திலிருந்தே கண்முன் இருந்தன. தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைகளை இந்நோய் தொடவில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே காற்றில், தாய் வீழ்ந்து கிடக்கையில் மடியிலிருந்த சிசு நலமாயிருந்தது. அது தொற்றன்று என்பதை இஃதொன்றே காட்டியிருக்க வேண்டும். அரிசி உண்போர் இந்தியாவில் வங்காளிகள் மட்டுமோ? தஞ்சையிலும் மலையாளத்திலும் ஈரக் கிடங்குகள் இல்லையோ? தென்னாட்டில் இந்நோய் கொள்ளையாக எழாதது ஏன்? வங்காளி அரிசியோடு கூட எதனை உண்கிறான் என்ற கேள்வியை எழுப்புவதற்குப் பதில், அரிசிக்குள்ளேயே இன்னும் ஆழமாகத் தேடிக்கொண்டிருந்தனர்.

வங்காளி அரிசியோடு உண்பது கடுகெண்ணெய். மீன் வறுப்பதும், காய் வதக்குவதும், ஊறுகாய் போடுவதும் அதிலேதான். குளிக்குமுன் உடலில் தேய்ப்பதும் அதனையே. நமக்கு நல்லெண்ணெய் எவ்வாறோ அவ்வாறு அவர்களுக்குக் கடுகெண்ணெய். வங்காளத்தில் அரிசியும் கடுகெண்ணெயும் ஒரே தட்டில் இணைபிரியாது இருந்தமையால், ஒன்று செய்த குற்றத்துக்கு மற்றொன்று நெடுநாள் பழி சுமந்தது.

கடுகும் தானே குற்றவாளி அன்று. கடுகு வயலில் களையாக வளரும் செடி ஒன்றுண்டு. முள் நிறைந்த இலை. இலையில் வெண்ணிற நரம்புகள். பளிச்சென்ற மஞ்சள் பூ. ஒடித்தால் மஞ்சள் பால். தமிழ்நாட்டில் பிரமதண்டு என்றும் குடியோட்டிப் பூண்டு என்றும் வழங்குவது இதுவே. இருப்புப்பாதை ஓரங்களிலும் தரிசு நிலங்களிலும் நாம் நாள்தோறும் காண்பது. வங்காளியர் நரிமுள் என்னும் பொருளில் சியால்காண்டா என்பர். இந்தி பேசுவோர் இட்ட பெயர் சத்தியாநாசி. அடியோடு அழிப்பது என்று பொருள்படும். பெயரிட்டவன் எவனோ, அவன் அறிந்தே இட்டான் போலும். இச்செடி நம் நாட்டுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியது. கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. காய் முற்றி வெடித்தால் கருமையான சிறு விதைகள் சிதறும். பார்வைக்குக் கடுகே, உருவிலும் நிறத்திலும் மயங்க வைப்பவை. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தால்தான் வேற்றுமை தெளிவாகும். கடுகின் தோல் ஓரளவு வழவழப்பானது, பிரமதண்டு விதையின் மேல் வலைப்பின்னல் போன்ற குழிகள் இருக்கும். கடுகு முற்றும் பருவத்தை ஒட்டியே இதுவும் முற்றுகிறது. அறுவடையில் தானே கலப்பதும் உண்டு. காசு கொடாமல் காட்டில் கிடைக்கும் விதையில் எண்ணெய் மிகுதியாயிருப்பதை அறிந்து வேண்டுமென்றே கலப்பதும் உண்டு. முன்பு அவ்வெண்ணெயை விளக்கெரிக்கவும் சோப்புச் செய்யவும் பயன்படுத்தினர். சொறி சிரங்குக்கும் தடவினர். கடுகெண்ணெயின் காரமான நெடி, அதனுள் வேறு எது கலந்திருந்தாலும் மறைத்துவிடும்.

1926இல் எஸ். எல். சர்க்கார் என்னும் வங்காள மருத்துவர், பிரமதண்டு எண்ணெய் கலந்த உணவால் வீக்கநோய் வந்ததென்று ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் எழுதினார். நோயின் காரணம் அவ்விரண்டு பக்கங்களில் இருந்தது. ஆயினும் அரிசிக் கொள்கை அப்போது அரியணையில் வீற்றிருந்தது. பெரிய ஆராய்ச்சிக் கூடங்களின் முடிவுக்கு எதிரே ஒரு தனி மருத்துவரின் குறிப்பு எடுபடவில்லை. பதினோராண்டுகள் கழித்து, 1937இல், கல்கத்தாவிலுள்ள அகில இந்தியச் சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த ஆர். பி. லாலும் எஸ். சி. ராயும் நோய் கண்ட குடும்பங்களின் உணவை முறையாக ஆராய்ந்தனர். பழி அரிசியினின்று எண்ணெய்க்கும், எண்ணெயினின்று அதிற் கலந்த பிரமதண்டுக்கும் மாறியது.

ஐயத்தை முற்றும் போக்க ஒரே வழி எஞ்சியிருந்தது, உண்டு பார்ப்பது. 1939 முதல் 1941 வரை வெளியான ஆராய்ச்சிகளில், தாமாக முன்வந்தவர்களுக்கு இக்கலப்பு எண்ணெயை உணவில் சேர்த்துக் கொடுத்தபோது அதே வீக்கம், அதே சிவப்பு, அதே வயிற்றுப்போக்கு தோன்றின. இன்றைய விதிகள் அத்தகைய சோதனைக்கு இடம் தாரா, தரவும் கூடாது. ஆயினும் அந்த முகமறியாத மனிதர்களின் உடலிலேதான் அறுபதாண்டு வழக்குக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது. அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. 1948இல் எஸ். என். சர்க்கார், பிரமதண்டு எண்ணெயிலுள்ள சாங்குவினரின் என்னும் பொருளே நஞ்சு என்று பிரித்துக் காட்டினார்.

கண்ணின் கதை இதற்கிடையே தனி வழியில் சென்றுகொண்டிருந்தது. 1930களில் கல்கத்தாவில் கண் மருத்துவராயிருந்த கிர்வன், வீக்கநோய்க் கிளாகோமாவை மிக நுணுக்கமாக வருணித்தார். நோயாளிகளை அவர் போல் கூர்ந்து பார்த்தவர் குறைவு. ஆனால் அவர் ஓரடி மேலே சென்றுவிட்டார். வங்காளத்தில் காணும் முதன்மைக் கிளாகோமாவே வீக்கநோயின் விளைவுதான் என்று 1934இல் எழுதினார். ஓர் அரிய நோயை நெடுங்காலம் உற்று நோக்குபவருக்கு எங்கும் அதுவே தோன்றுவது இயல்பு. பம்பாய் மருத்துவர் ஹக்கீம் 1954இல் பிரமதண்டு நஞ்சுக்கும் கண்ணழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் அவரும், கசகசாக் குடும்பத்து நஞ்சுகளே உலகெங்கும் கிளாகோமாவுக்குக் காரணமாகலாம் என்னுமளவுக்குச் சென்றார். அதனை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. கிளாகோமாவுக்குக் காரணங்கள் பல. வயது, பரம்பரை, கண்ணின் அமைப்பு ஆகியவை அவற்றில் முன்னிற்பவை. பிரமதண்டு அவற்றுள் ஒன்று, அரியது, ஆனால் தடுக்கக் கூடியது.

நஞ்சு கண்ணுக்குள் செய்வதென்ன? உடலெங்குமுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை அது விரியச் செய்து கசிய வைக்கிறது. காலில் அக்கசிவே வீக்கமாகிறது. கண்ணிலும் சிலருக்கு விழித்திரையில் இரத்தம் கசிகிறது. அழுத்தம் ஏறுவதற்கு வடிகால் அடைப்பே காரணமாக இருக்கலாம் என்று முன்பு எண்ணினர். 1988இல் டில்லி ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முடிவோ வேறு. வடிகால் திறந்தே இருக்கிறது, நீர் வடியும் வேகத்தில் குறையில்லை, சுரப்புதான் அளவு கடந்து போகிறது என்றனர். குளத்தின் கலிங்கு திறந்தேயிருக்க, வரத்து வெள்ளமாகி கரையை முட்டுவது போன்ற நிலை இது. அழுத்தம் ஏறிய கண்ணில் கருவிழி சற்றே நீர்கோத்துக்கொள்கிறது. ஒளி அதில் சிதறுகிறது. விளக்கைச் சுற்றித் தெரியும் வானவில் வளையம் அதுதான்.

காரணம் அறிந்தபின் நோய் ஒழிந்திருக்க வேண்டும். எண்ணெயோடு நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்துக் குலுக்கினால், கலப்படம் இருப்பின் செம்மஞ்சள் முதல் செந்நிறம் வரை நிறம் காட்டும்; சாதாரணச் சோதனைக் கூடத்திலும் செய்யக்கூடியது. ஆயினும் கலப்பு மிகச் சிறிதாயின் அச்சோதனை காட்டிக்கொடாது. அதற்கு நுண்ணிய முறைகள் வேண்டும். 1954இல் இயற்றி 1955இல் நடைமுறைக்கு வந்த உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே விதியைத் தந்தது. அச்சட்டத்தின் இடத்தை இன்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றிருக்கிறது. இவ்வளவும் இருந்தும், வட இந்தியாவின் பல இடங்களில் சிறு சிறு அளவில் நோய் தலைகாட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெயை உண்ணாமல் உடலில் தேய்த்தவர்களுக்குங்கூட, தோல் வழியே நஞ்சு ஊறி நோய் வந்தமை 1985இல் பதிவாயிற்று.

1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டில்லியில் நேர்ந்தது அவை எல்லாவற்றிலும் பெரியது. தலைநகரின் மருத்துவமனைகளில் கால் வீங்கியவர்கள் வரிசையாக வந்து சேர்ந்தனர். பல இளம் மருத்துவர்களுக்கு அது பாடநூலில் மட்டும் படித்த நோய். பாதிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கினர், அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்கத்தாவில் முதன்முதல் தோன்றி 121 ஆண்டுகள் ஆகியிருந்தன. லாலும் ராயும் காரணம் காட்டி 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசாங்கம் சில்லறையாகக் கடுகெண்ணெய் விற்பதைத் தடுத்தது. செப்டம்பரில், சமையல் எண்ணெய்களை அடைத்து முத்திரையிட்டே விற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. நல்ல ஆணையே. ஆனால் அன்றாடக் கூலியில் ஐந்து ரூபாய்க்கு எண்ணெய் வாங்கிக் குப்பியில் ஊற்றிச் செல்பவர் முத்திரையிட்ட ஒரு லிட்டர் டப்பாவை எவ்வாறு வாங்குவார் என்பதை ஆணை எழுதியவர்கள் போதுமான அளவு எண்ணினார்களோ என்று நமக்கு ஐயம் உண்டு. சில்லறை எண்ணெய் வாங்குவோர் எவரோ, நஞ்செண்ணெய் சென்று சேர்வதும் அவர்களையே. சிறு பொட்டலங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கச் செய்வது முத்திரையைப் போலவே முக்கியமானது.

தமிழ்நாடு இந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பியது நம் அறிவுத் திறத்தால் அன்று, நாக்கின் பழக்கத்தால். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நம் அடுப்பங்கரையில் இருந்தமையால், வேலியோரத்துப் பிரமதண்டு வேலியோரத்திலேயே நின்றது. கடுகு நமக்குத் தாளிக்க ஒரு சிட்டிகை. எண்ணெயாக ஒரு குவளை அன்று. இன்று நம் நகரங்களில் வட நாட்டுக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கடுகெண்ணெயும் கடைகளில் கிடைக்கிறது. ஆகவே இது எங்கோ வங்காளத்துக் கதை என்று நம் மருத்துவர்கள் ஒதுக்கிவிடலாகாது.

நோயாளியைப் பற்றிச் சொல்லி முடிப்போம். ஒரு வீட்டில் பலருக்கு ஒரே வேளையில் கால் வீங்குமாயின், முதலில் செய்ய வேண்டியது அவ்வீட்டு எண்ணெயை நிறுத்துவது. ஆனால் கொட்டிவிடாமல் சோதனைக்கு எடுத்து வைப்பது. எண்ணெய் நின்றால் பலருக்குச் சில வாரங்களில் வீக்கம் வற்றத் தொடங்கும். கண்ணழுத்தமும் பலருக்குத் தானே தணியும். தணியும் வரை சுரப்பைக் குறைக்கும் மருந்துகள் கொடுத்து நரம்பைக் காக்க வேண்டும். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். கண் தெளிவாக இருக்கிறது, வலியில்லை என்று நோயாளி கூறினாலும், வீக்கநோய் கண்ட ஒவ்வொருவருடைய கண்ணழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும். வீக்கம் வற்றியபின் மறுபடியும் அளக்க வேண்டும். அளக்க எடுத்துக்கொள்ளும் நேரம் சில நிமிடங்களே. மாலை விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேட்க அதனினும் குறைந்த நேரமே ஆகும்.